ரெண்டாயாவின் பாதி மொட்டை

இத்தனை பக்தியும் இத்தனை குழப்பமும் ஒரே உடம்பில் குடியிருந்த மனிதன் கள்ளக்குறிச்சியில் ரெண்டாயாவுக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

என்னோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தான். அவனை வளர்த்தது இரண்டு ஆயாக்கள். பெயர் அப்படி வந்தது. அப்பாவைப் பெற்ற கரியாலூர் ஆயாவுக்குப் பெருமாள். அம்மாவைப் பெற்ற எலவனாசூர்கோட்டை ஆயாவுக்கு மாரியம்மன். சனிக்கிழமை கவுச்சி தொடாதே என்றாள் ஒருத்தி. படையல் கறியை மறுத்தால் கண் அவிந்துவிடும் என்றாள் மற்றவள். சனிக்கிழமையில் படையல் வந்தால் கறியை அரைமணி நேரம் முறைப்பான். பிறகு குழம்பை மட்டும் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவான். நெற்றியில் காலையில் நாமம், மதியத்துக்கு மேல் திருநீறு. நாங்கள் மணி பார்த்ததே அதில்தான்.

ஒருமுறை அவன் மகளுக்குக் கடும் காய்ச்சல். பதற்றத்தில் குழந்தையின் முதல் முடியை இரண்டு சாமிக்கும் நேர்ந்துவிட்டான். காய்ச்சல் இறங்கியது, சிக்கல் ஏறியது.

"புள்ள தலை இன்னா கழனியா, ஆளுக்குப் பாதி பிரிச்சுக் குடுக்க?" என்று மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரம் தூங்காமல் யோசித்தான். கடைசியில் தன் தலையையே கொடுப்பதென்று முடிவு. துணைக்கு நானும் போனேன். மலைமேல் கரியாலூரில் பெருமாளுக்கு வலப்பாதி போனது. மிச்சத்தோடு கள்ளக்குறிச்சியில் பஸ் மாற நின்றபோது போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

"யோவ், இன்னாய்யா கோலம் இது?"

"மலை ஆயாவுக்கு முடிஞ்சிதுங்க. கோட்டை ஆயா காத்துக்கினு இருக்குது."

"ரெண்டு பேரும் அவ்ளோ கண்டிசனா?"

"உசுரோட இருந்தப்ப இவ்ளோ இல்லீங்க. செத்து பதினஞ்சு வருசமாச்சு, இப்பதான் ஜாஸ்தி."

போலீஸ்காரர் அவனுக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து என் மனைவியின் பிரசவம் சிக்கலானது. சாமி இல்லையென்று ஊரெல்லாம் வாதாடித் திரிந்த நான், ஆஸ்பத்திரி வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் ஆயாகிட்ட சொல்லுடா."

"எந்த ஆயாகிட்ட?" என்று முழித்தான்.

"ரெண்டு பேர்கிட்டயும்."

தாயும் மகளும் நலமாக வீடு வந்தார்கள். நான் இன்றும் சாமி இல்லையென்றுதான் சொல்கிறேன். ஆனால் பேத்திக்கு உடம்பு சுட்டால், பார்த்தேயிராத அந்த இரண்டு கிழவிகளையும் மனசுக்குள் கூப்பிட்டுவிட்டுத்தான் மருந்து ஊற்றுகிறேன். போன வருஷத்திலிருந்து, அவர்களோடு அவனையும்.