அறுந்தே போகாத மாலை

உலகைத் தாங்கி நிற்பவை இரண்டு. ஒன்று, பாதுகாப்பு விதிகள். மற்றொன்று, உடுப்புக்கேற்ற நீளத்தில் தொங்கும் மாலை. இந்த இரண்டையும் ஒரே கழுத்தில் சுமந்த பெருமை அட்டைப்பெட்டி ஆலையின் பாதுகாப்பு அலுவலர் ஒருவரையே சேரும். ஆலை வாசலில் அவருடைய படம் போட்ட பலகை நின்றது. படத்துக்கு மேலே, "இந்த ஆலையில் விபத்தே நடந்ததில்லை." கீழே, "காரணம் இவர்."

படத்தில் அவர் கழுத்திலிருந்து ஒரு பச்சை மணிமாலை வயிறு வரை இறங்கியிருந்தது.

இயந்திரத்தின் அருகே தொங்கும் பொருள் எதையும் அணியக் கூடாது என்ற விதியை எழுதியவரும் அவரே. துப்பட்டா, சங்கிலி, தொங்கட்டான் எல்லாம் அதில் அடக்கம். விலக்கு ஒன்றே ஒன்று: அடையாள அட்டையின் கயிறு. ஆகவே அவர் தம் அடையாள அட்டையை மாலையில் கோத்துக்கொண்டார். அந்தக் கணமே அது நகை என்ற தாழ்நிலையிலிருந்து "அலுவலகக் கயிறு" என்ற உயர்நிலையை எய்தியது. ஆலையில் சிலர் சிரித்தார்கள். அதை அவர் பொறாமை என்று வகைப்படுத்தினார்.

இத்தனைக்கும் அடிப்படை, அவருக்குக் கழுத்து இல்லாததுதான். படைத்தவன் தலையை முடித்த கையோடு தோளை ஆரம்பித்துவிட்டான். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்கு அவர் கண்ட பரிகாரம் நீள மாலை. கண் ஒரு சோம்பேறி. கோடு எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போகும். மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டுவிட்டால், நடுவில் கழுத்து உண்டா என்று நின்று விசாரிக்காது.

அன்று அரசு ஆய்வு. தேறிவிட்டால் எல்லாக் கிளைகளுக்கும் அவரே தலைமைப் பாதுகாப்பு அலுவலர் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் கட்டில் முழுக்க மாலைகள் பரவிக் கிடந்தன.

"ஏதாவது ஒண்ண மாட்டிக்கிட்டுக் கிளம்புக்கா," என்றாள் தங்கை.

"ஏதாவது ஒண்ணா? கேளுடி. மூடின கழுத்துச் சட்டைன்னா நீள மாலைக்கு மைதானமே காலி, ஜம்முனு இறங்கலாம். வீ கழுத்துன்னா அந்த முனைக்கு மேலயே நிக்கணும், இல்ல நல்லா கீழ போயிடணும். ரெண்டும் ஒரே இடத்துல முடிஞ்சா கண்ணு முழிக்கும். பூப்போட்ட துணிக்கு ஒத்தை நிற மணி. புடவைன்னா தோள்ல ஒரு ஊக்கு, இல்லன்னா முந்தானையோட அதுவும் சரியும். இடுப்புல பெல்ட் போட்டா மட்டும் முடிச்சுப் போட்டுச் சுருக்கிடணும். கொக்கியில மாட்டிக்கும்."

"மாட்டிக்குமா! அது ஆபத்தாச்சே, ஆபீசர் அம்மா."

"கிண்டலா?"

தங்கை பச்சை மாலையை எடுத்துப் பார்த்தாள். போன மாதம் அது சாப்பாட்டுக்கூடத்தில் அறுந்து, மேலாளர் உட்பட அனைவரும் மேசைக்கடியில் மணி பொறுக்க நேர்ந்தது. அதன்பின் அக்கா அதைத் தூண்டில் நரம்பில், இரட்டைப் புரியாகக் கோத்திருந்தார்.

"இழுத்துப் பாரு," என்று கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார் அக்கா.

தங்கை இழுத்தாள். "மாலை வரலக்கா. நீதான் வர்ற."

"அதுக்குப் பேருதான் தரம்."

கருநீல மூடுகழுத்துச் சட்டை, பச்சை மாலை, நுனியில் அடையாள அட்டை. புறப்பட்டார்.

ஆய்வுக்கு வந்தவர் அதிகம் பேசாத ஒரு பெண்மணி. அட்டைக்குப் பசை தடவும் இயந்திரத்தின் முன் வந்து நின்றார். இரண்டு ரப்பர் உருளைகள் ஒன்றையொன்று உரசிச் சுழன்றன. நன்றாகத் தெரியட்டும் என்று மூடியைத் திறந்து ஓடவிடச் சொன்னவர் நம் அலுவலர்தான். ஓட்டியவரை எல்லோரும் பசையக்கா என்பார்கள்.

"கழுத்துல என்ன?" என்றார் ஆய்வாளர்.

"அடையாள அட்டைக் கயிறு மேடம்."

"மணியெல்லாம் இருக்கே?"

"மணி வச்ச கயிறு."

ஆய்வாளர் தம் கயிற்றைத் தொட்டார். "எங்க கயிறுல பிடரிகிட்ட ஒரு கிளிப் இருக்கு. இது எப்படி வேலை செய்யும்னு தெரியுமா?"

அலுவலரின் முகம் மலர்ந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அவரிடம் யாரும் தாமாகக் கேட்டதே இல்லை.

"நல்ல கேள்வி மேடம்! எதுலயாவது மாட்டினா கழுத்தை விட்டுட்டுக் கயிறு மட்டும் போயிடணும். அந்த கிளிப் வெடுக்குனு பிரிஞ்சுடும். எப்படின்னா, இப்ப கயிறு இந்த உருளைப் பக்கம் போகுதுன்னு வைங்க..."

விளக்கும் ஆர்வத்தில் குனிந்தார். மாலையும் தன் குணம் மாறாமல் நேர்கீழாகத் தொங்கியது. அட்டை கண்டால் இழுப்பது அந்த இயந்திரத்தின் வேலை. அது அடையாள அட்டையா வேறு அட்டையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. டக், டக், டக் என்று மணிகள் வரிசையாக உள்ளே போயின. நரம்பு தன் தரத்தைக் காத்தது. பின்னாலேயே அலுவலர் போனார்.

பசையக்கா சிவப்புப் பொத்தானை முஷ்டியால் குத்தினார். உருளைகள் நின்றன. அலுவலரின் மோவாய் இரும்பு விளிம்பில். மூக்குக்கும் பசைக்கும் இடையே ஒரு சாண். 'இந்தச் சட்டைக்கு இவ்வளவு குட்டையான மாலை எடுபடாது' என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் மூக்கின் நினைவு வந்தது.

மேலாளர் முந்திக்கொண்டார். "செய்முறை விளக்கம் மேடம்! தொங்குற பொருள் போட்டா என்ன ஆகும்னு எங்க அலுவலர் தத்ரூபமா காட்டினாங்க!"

"பிரமாதம். அவங்கள வெளிய எடுத்துட்டு, இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்க."

மேலாளர் பசையக்கா பக்கம் விரலை நீட்டினார். "உண்மையில... ஓட்டுற அம்மாதான் கவனமில்லாம ஓடவிட்டுட்டாங்க. இன்னையோட அவங்கள அனுப்பிடறோம்."

குனிந்த நிலையில் அலுவலருக்குத் தெரிந்தது ஒரு கை மட்டும்தான். பொத்தானை இன்னும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்த, பசை காய்ந்த கை.

"அவங்க இல்லன்னா எனக்கு மூக்கு இல்ல மேடம்," என்றார், அசையாத மோவாயோடு. "மூடியத் திறக்கச் சொன்னது நான். விதி எழுதினது நான், அதுல சந்து கண்டுபிடிச்சதும் நான். தூண்டில் நரம்புல கோத்ததும் நான்தான்."

"அது எதுக்கு?"

"அறுந்துடக் கூடாதுன்னு."

பசையக்கா பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். நரம்பு லேசில் விடவில்லை. "தலைய ஆட்டாதீங்க மேடம், நல்ல சரக்கு இது," என்று பாராட்டிக்கொண்டே நறுக்கினார்.

ஆய்வாளர் போனபின் மேலாளர் சுரத்தில்லாமல் கேட்டார்: "வாசல் பலகையக் கழட்டிடச் சொல்லவா?"

அலுவலர் நிமிர்ந்து, கழுத்து இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு சார் வீணா? மேல்வரிய மட்டும் அழிச்சாப் போதும். படமும் கீழ்வரியும் சரியாத்தான் இருக்கு."