வள்ளம் மொழியும் முதல் வீட்டுப் பிள்ளையாரும்

கணினி மொழிகள் பெரும்பாலும் எண்ணுவதைச் சைபரிலிருந்து தொடங்குகின்றன. இது சரியா தவறா என்று முடிவு செய்யச் சேலத்தில் ஒரு குழு அமைக்கப்பட்டது. உலகம் நம்மைக் கேட்டதா என்று கேட்கக் கூடாது. யாரும் கேட்காததற்குக் குழு போடத்தானே வாரியம் என்று ஒன்று இருக்கிறது.

மண்டலக் கணினிமொழி வாரியம் என்று அதற்குப் பெயர். மண்ணின் பெருமைக்கேற்ற ஒரு கணினி மொழியை உருவாக்குவது அதன் கடமை. நெல் அளக்கிற வள்ளத்தின் பெயரையே எடுத்து மொழிக்கு 'வள்ளம்' என்று வைத்தார்கள். விழா நடத்தி, மலர் வெளியிட்டு, சால்வை எல்லாம் போர்த்திய பிறகுதான் மொழியை எழுத ஓர் ஆள் வேண்டுமே என்று ஞாபகம் வந்தது. நித்யஸ்ரீயை ஒப்பந்த அடிப்படையில் எடுத்தார்கள். மல்லசமுத்திரத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள்.

குழு கூடிய அன்று அவளும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"சைபர்னா ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்லாததுல இருந்து எண்ண ஆரம்பிச்சா வெளங்குமுங்களா?" என்றார் உறுப்பினர் ஜீவானந்தம்.

"அப்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார் செயலர் சந்திரசேகர்.

தலைவர் வெங்கடாசலம் அதுவரை கண்ணை மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார். லேசான குறட்டையும் இருந்தது. இப்போது கண்ணைத் திறந்தார். "களத்துல நெல்லளக்கறப்ப ஒண்ணுன்னா சொல்றோம்? மொத வள்ளத்துக்கு 'லாபம்'னுதான் சொல்லுவோம். அப்பறம் ரெண்டு, மூணு. எங்கப்பாரு அப்படித்தான் அளந்தாரு. சைபரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லாபம்னே வெச்சுருங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போண்டா வந்தது.

நித்யஸ்ரீ எழுந்தாள். "ஐயா, ஒரு சந்தேகமுங்க. பட்டியல்ல இருக்கறவங்களுக்குப் பங்கு குடுக்கறப்ப, லாபம்னு நிக்கற மொத ஆளையும் சேர்க்கறதுங்களா?"

"லாபத்தப் போயி யாராச்சும் பங்கு வெப்பாங்களாம்மா?" என்றார் தலைவர். அறையே சிரித்தது. அவள் உட்கார்ந்து, சொன்னபடியே எழுதினாள். சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன செய்வாள்?

வள்ளத்தின் வெள்ளோட்டத்துக்குக் குடிநீர்க் குழாயைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த வீட்டுக்கு எப்போது தண்ணீர் என்று கணினியே பார்த்துத் திறந்துவிடும். முதலில் நித்யஸ்ரீயின் தெரு. இருபது வீடு, இருபது இணைப்பு. முதல் வீடு அவளுடைய பெரியம்மா ஆத்தாயியுடையது. கடைசி வீடு நித்யஸ்ரீயுடையது.

தொடங்கிய அன்று பத்தொன்பது வீட்டில் தண்ணீர் கொட்டியது. ஆத்தாயி வீட்டில் குழாய் இருமியது. அவ்வளவுதான்.

ஆத்தாயி சும்மா இருக்கிற ஆளா? இரண்டு எருமை வைத்திருக்கிறவள். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். நடந்த வழியெல்லாம் திட்டினாள்.

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் படிச்சவன்னு பேரு. பெரீம்மா ஊட்டுக்கு மட்டும் காத்த உடறயா? எம்பட எருமைக்கு நாஞ் சொல்ற பதில் என்ன?"

"பெரீம்மா, மொழியில ஒரு பிழைங்க."

"மொழியில பிழைன்னா மொழியத் திருத்து. தண்ணிய எதுக்குச் சாமி நிறுத்தறே?"

நித்யஸ்ரீக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. திருத்துவது ஒரு வரி வேலை. ஆனால் மொழியில் ஒரு வரியைத் தொடக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அன்றைக்கே மனுப் போட்டாள்.

பதில் உரிய காலத்தில், அதாவது எல்லாரும் மறந்த பிறகு வந்தது. 'பிழை என்ற சொல் மொழியின் மாண்புக்கு இழுக்காதலால், கவனத்திற்குரிய இயல்பு எனத் திருத்தி மீளச் சமர்ப்பிக்கவும்.' திருத்திச் சமர்ப்பித்தாள். அது பிழையா இயல்பா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். இதற்கிடையில் வள்ளம் மற்ற ஊர்த் தெருக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. வாரியத்தின் ஆண்டறிக்கையில், 'தெருவுக்கு ஓர் இணைப்பு வீதம் தண்ணீர் சேமிக்கப்பட்டுள்ளது' என்று அச்சாகி, அதற்கு ஒரு கேடயமும் கிடைத்துவிட்டது. கேடயம் வாங்கிக் கொடுத்த பிழையை எந்தத் துணைக்குழு அவசரமாகத் திருத்தும்?

ஆத்தாயியின் வாய்க்குப் பயந்து நித்யஸ்ரீ வேறு வழி கண்டுபிடித்தாள். ஆத்தாயி வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவரைத் தெருவின் முதல் வீடாகப் பதிந்தாள். குடும்பத் தலைவர்: பிள்ளையார். தொழில்: விவசாயம். திருமணம்: ஆகவில்லை.

மறுநாள் பிள்ளையார் லாபமாகி ஒதுங்கிக்கொண்டார். இரண்டாவதாகிவிட்ட ஆத்தாயிக்குத் தண்ணீர் வந்தது. இருபது வீட்டுக்கும் இருபது இணைப்பு, கணக்குச் சரி. "நீ நல்லா இருக்கோணும் கண்ணு!" என்று ஆத்தாயி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

விஷயம் ஒரே வாரத்தில் பரவியது. எடப்பாடியில் தெருவுக்குத் தெரு புதுப் பிள்ளையார் வந்தார். பள்ளிபாளையத்தில் சிலை செய்கிறவரிடம் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. புதிதாகப் பிரித்து விற்கும் மனைகளின் விளம்பரத்தில், 'முப்பதடி ரோடு, முனையில் பிள்ளையார்' என்று போட்டார்கள். சிலை வைக்க முடியாத தெருக்களில் மின்கம்பத்தை முதல் வீடாகப் பதிந்தார்கள். சேலத்தில் தலைவர் வெங்கடாசலம் குடியிருக்கும் தெருவிலும் கம்பம்தான்.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது துணைக்குழு அறிக்கை கொடுத்துத் தொலைத்தது. 'தீர ஆராய்ந்ததில் இது பிழையே. உடனடியாகத் திருத்தப்பட வேண்டும்.'

நித்யஸ்ரீ தலைவர் அறைக்கு ஓடினாள். "ஐயா, இப்பத் திருத்தாதீங்க. ஊரே பிழைய நம்பிப் பிள்ளையார வெச்சிருக்குதுங்க. இப்பத் திருத்துனா அவருக்கும் ஒரு இணைப்புப் போயிரும். கடைசி ஊட்டுக்கு இல்லாமப் போயிருமுங்க."

"நீதானம்மா மனுப் போட்டே?"

"அது அப்பங்க..."

"மனுப் போட்டா நடக்காதுன்னு நெனச்சுட்டியா? இது வாரியம்மா!"

"அப்பப் பிள்ளையாரப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாவது திருத்துங்க."

செயலரும் ஜீவானந்தமும் அங்கேதான் இருந்தார்கள். சந்திரசேகர் கூரையைப் பார்த்தார். "எம் பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கறனுங்க. நானெப்படிங்க பிள்ளையார நீக்கறது?" ஜீவானந்தத்துக்கு ஏழரைச் சனி. மின்கம்பத்தையாவது நீக்கலாமே என்றால், அது வேறு துறையின் சொத்து, தடையில்லாச் சான்று வேண்டும்.

"நீயே நீக்கிரும்மா. கம்ப்யூட்டர் உம்பட கையிலதானே இருக்குது?" என்றார் தலைவர்.

நித்யஸ்ரீ தன் இடத்துக்கு வந்து, பிள்ளையார் பெயரின்மேல் அம்புக்குறியை வைத்தாள். நீக்கு என்ற பொத்தான்மேல் விரலையும் வைத்தாள். அவள் சகுனம் பார்க்கிறவள் இல்லை, ராகுகாலத்தில் நேர்காணலுக்குப் போனவள். ஆனால் அது ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். விரலை எடுத்துவிட்டாள்.

திருத்தப்பட்ட வள்ளம் விழாவோடு வெளியானது. முதல் வீட்டுக்காரரான பிள்ளையாருக்கு ஆட்கள் வந்து குழாய் போட்டுவிட்டுப் போனார்கள். தெருவின் இருபது இணைப்பும் அவரோடு சேர்த்துப் பத்தொன்பதாவது வீட்டோடு முடிந்தன. கடைசி வீட்டில், நித்யஸ்ரீ குழாயைத் திறந்தாள். இருமியது. சேலத்தில் தலைவர் வீடும் தெருவின் கடைசி வீடாம். மின்கம்பத்தடியில் வாளியோடு நிற்பதாகக் கேள்வி.

பிள்ளையார் தண்ணிக்கு ருசி அதிகம் என்று பேர் வேறு கிளம்பி, சொந்தக் குழாய் உள்ளவர்களும் அங்கே குடம் வைக்க ஆரம்பித்தார்கள். ஆத்தாயி தானாகவே வரிசைக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

நித்யஸ்ரீ விடியுமுன்னே போய் முதல் ஆளாக நின்றாள். குடம் நிறைந்தது. ஆத்தாயி அதை வாங்கிப் பிள்ளையார் தலையில் கவிழ்த்து, "லாபம்!" என்றாள். அடுத்த குடத்தைத் தொட்டு, "ரெண்டு" என்றாள்.

"பெரீம்மா, நீங்க கவுத்தது எங்கொடமுங்க!"

"மொதக் கொடம் சாமிக்குக் கண்ணு. நீ பின்னாடி போயி நில்லு."

"நாந்தானுங்களே மொதல்ல வந்தேன்?"

"அதனாலதாஞ் சாமி."

"பெரீம்மா, இது அநியாயமுங்க!"

"அநியாயம்னா மனுப் போடு" என்றாள் ஆத்தாயி. வரிசை முழுக்கச் சிரித்தது. நித்யஸ்ரீக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் பிள்ளையார் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெரு மொத்தமும் குடத்தோடு பத்தடி தள்ளி நின்றது. முதலில் யாராவது போகட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.