கயிற்றின் கடைசி ஆள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரார் கண்ணெல்லாம் அத்துப்படி. பின்கட்டிடத்தைப் பார்க்கும்போது மட்டும் அவருடைய கண்ணே மங்கிவிடும். ஒரே கேட்டுக்குள் இரண்டு கட்டிடங்கள். அவர் குடியிருந்தது முன்கட்டிடம். பின்கட்டிடத்துக்காரர்கள் காட்டுக்கத்தல் கத்துகிறவர்கள் என்பார். முன்கட்டிடத்துப் பிள்ளைகள் கத்தினால் அது சுறுசுறுப்பு.

பின்கட்டிடத்தில் ஒரு வீடு காலியானது. சமையலறைக்கு இரண்டு ஜன்னல். ஜன்னலே இல்லாத அடுப்படியில் வெந்துகொண்டிருந்த மனைவி, அங்கே போய்விடலாமா என்று கேட்டாள். தன் பிணம்கூட அந்தப் படி ஏறாது என்றார். அவள் அடுப்படிக்கே திரும்பிப் போனாள்.

சில நாள் கழித்து, துணி மடித்தபடி சொன்னாள்: "கயிறு இழுக்குற போட்டிக்குப் பின்கட்டிடத்துல ஓர் ஆள் குறையுதாம். உங்களைக் கேட்டாங்க. வரமாட்டார்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காம நீ எப்படிச் சொல்லலாம்?"

"எதிர்க்கோஷ்டியாச்சே."

"அதனாலதான் போகணும். உள்ளே புகுந்து உளவு பார்க்கணும்."

உளவாளி மறுநாளே போனார். கடைசி ஆளாக நிறுத்தி, இடுப்பில் கயிற்றைச் சுற்றிவிட்டார்கள். சேர்ந்து இழுத்து, சேர்ந்து விழுந்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். "அண்ணே, நீங்கதான் எங்க நங்கூரம்" என்றார் குழுத்தலைவரான பஸ் டிரைவர். அதுவரை கடைக்காரருடைய தொப்பையைப் பற்றி யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

அந்த வாரமே பின்கட்டிடத்துக் கத்தல் கலகலப்பானது. முன்கட்டிடத்தார் மெதுவாகப் பேசினால் சதியாகப் பட்டது. போட்டியில் பின்கட்டிடம் ஜெயித்தது. உள்ளங்கை தோலுரிந்து வீடு திரும்பியவர், மனைவி மறுப்பாள் என்று குரலை உயர்த்தியே ஆரம்பித்தார்.

"இந்த நெஞ்சழுத்தக்காரங்க நடுவுல இனி ஒரு நாள் இருக்க முடியாது. நம்ம ஆளுங்ககிட்ட போயிடலாம். குறுக்கே பேசாதே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பெருமூச்சும் விட்டாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

வீடு மாறிய அன்று அவரும் டிரைவரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். உள்ளே மனைவி இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள். மூச்சுவாங்க நின்ற இடத்தில், தான் வந்திராவிட்டால் ஆள் குறைந்து தோற்றிருப்பீர்கள் என்று பெருமையடித்தார்.

"ஆள் எங்கண்ணே குறைஞ்சுது? ஏற்கெனவே இருந்த ஒருத்தரை உட்கார வச்சுட்டுத்தான் உங்களைச் சேர்த்தோம்" என்றார் டிரைவர். "அண்ணிதான் வந்து சொன்னாங்க, கயித்தை மட்டும் கையில குடுங்க, அப்புறம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவார்னு."