மாம்பழக் கட்டிலின் நான்கு கால்கள்

நான் வீட்டில் கொசு வளர்த்தவன். கவனக்குறைவால் தானாக வளர்ந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தினமும் காலையில், பல் தேய்த்த கையோடு, நானே தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.

வளைகாப்பு முடிந்து, மகள் தீபாவைத் தலைப்பிரசவத்துக்காக எங்கள் ஊரான முதலமடைக்கு அழைத்து வந்திருந்தோம். அந்த வாரமே பக்கத்துத் தெருவில் டெங்கு. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றிலிருப்பதற்கும் ஆபத்து என்று எங்கோ படித்தேன். (படிக்கிற பழக்கத்தால் எனக்கு நிம்மதி வந்ததாகச் சரித்திரமில்லை.) அன்றே போர் தொடங்கிவிட்டது.

கொசு என்றால் சாக்கடை. என் ஞானம் அவ்வளவுதான். ஆள் வைத்துத் தெருச் சாக்கடையை வாரினேன். சாயங்காலமானால் வேப்பிலைப் புகை போட்டேன். கொசுக்கள் உள்ளேயே இருந்தன, நாங்கள்தான் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். ராத்திரிக்கு நீலநிறக் கொசுவலை. விடிந்ததும் அதை மடித்து வைத்து, "இனிப் பொழுது சாயற வரைக்கும் பயமில்ல கண்ணு" என்று தீபாவுக்கு விடுதலை கொடுப்பேன்.

பகலில் அவள் உட்காருவது மாம்பழ அறையில். வீட்டிலேயே குளுகுளுவென்ற இடம். மாந்தோப்பு வைத்திருக்கிற நாங்கள், வீட்டுக்கு வேண்டிய பழத்தைக் கட்டிலில் வைக்கோல் பரப்பிப் பழுக்கப் போடுவோம். எறும்பு ஏறாமலிருக்க, கட்டிலின் நான்கு கால்களும் நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும். மகள் சாப்பிடும் பழமாயிற்றே என்று நான் வடிகட்டிய குடிதண்ணீரையே ஊற்றினேன்.

ஆனாலும் அந்த அறையில் பட்டப்பகலில் என் காலில் சுருக் சுருக்கென்றது. குழம்பிப்போனேன். பகலில் ஏது கொசு? எறும்புதான் என்று முடிவுகட்டி, கிண்ணங்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தேன்.

காய்ச்சல் எனக்குத்தான் வந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு டெங்கு என்றார் டாக்டர்.

"ராத்திரி பூரா வலைக்குள்ளதானுங்க படுத்திருந்தேன்" என்றேன்.

"இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும்."

"சாக்கடையக்கூட வாரியாச்சுங்களே."

"இது நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். வீட்டுக்குள்ள எங்கயாச்சும் தண்ணி நிக்குதா?"

"ஒரு சொட்டு இல்லீங்க."

என் மனைவி சரசு தொண்டையைக் கனைத்தாள். "மாம்பழக் கட்டலுக்கு அடியில நாலு கிண்ணம் இருக்குதுங்க. இவருதான் தெனமும் ஊத்தறாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பழசைக் கொட்டித் தேச்சுக் கழுவுவீங்களா?"

"கொறஞ்சா ஊத்துவனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றார். காய்ச்சல் தீரும்வரை நான் பகலிலும் வலைக்குள் இருக்க வேண்டுமாம். என்னைக் கடித்த கொசு மகளைக் கடித்தால் அவளுக்கும் வருமாம்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தோம். நான்கு கிண்ணங்களிலும் புழுக்கள் குஷியாக நெளிந்துகொண்டிருந்தன. தீபா குனிந்து பார்த்தாள்.

"நல்லா ஊட்டமா வளத்தியிருக்கீங்கப்பா" என்றாள்.

அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள், நல்லவேளை, ஒன்றுமில்லை. ஆனால் சேதி பொள்ளாச்சிக்கு, அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டது. மத்தியானமே சம்பந்தியம்மா காரோடு வந்திறங்கினார். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை நிறைவயிறாகத் திருப்பி அனுப்பினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று சரசு கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு தீபாவின் பெட்டியையும் கட்டினாள். மகளுக்கென்று வாங்கிய வலைக்குள் உட்கார்ந்து நான் கையசைக்க, கார் கிளம்பிப் போனது.

பேத்தி பொள்ளாச்சியில் சுகமாகப் பிறந்தாள். பார்க்கப் போன இடத்தில், மானத்தைக் கொஞ்சமாவது மீட்கலாமென்று சம்பந்தியம்மாவிடம் பேச்செடுத்தேன்.

"இந்தத் தடவ தப்பாயிப் போச்சுங்க. அடுத்த பிரசவத்த எங்கூட்டுலயே ஜம்முனு பாத்துக்கறமுங்க."

அவர் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "அதுக்கென்னுங்க சம்பந்தி. பொறந்ததுக்கப்பறம் சொல்லி உடறமுங்க, வாங்க."