பேர் போடாத விஸ்கியும் இரண்டு சம்பந்திகளும்

மரியாதைக்குரிய நெட்டா அக்காவுக்கு,

தம்பி ரானல்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஸ்பே ஆற்றங்கரையில் நாங்கள் அனைவரும் மழையும் இருமலுமாகச் சௌக்கியம். அங்கே நியூசிலாந்தில் உங்கள் முழங்காலும் அத்தானின் ஆடுகளும் அவ்வாறே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

என் மகள் ஷீனாவின் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், கல்யாணம் உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாததுதான். மாப்பிள்ளை ரோரியின் அப்பா லாக்லன் ஷாண்ட் அக்கரை விஸ்கி ஆலையில் ஆயுசு முழுக்கக் காய்ச்சினவர், நான் இக்கரை ஆலையில். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரும் அவர் மனைவியும் வந்தார்கள், நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம், அந்த நேரம் பார்த்து ரோரி நல்லெண்ணத்தோடு ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். ஸ்பேசைட் சிங்கிள் மால்ட், ஒரே பீப்பாய் என்று போட்டிருக்கிறதே தவிர எந்த ஆலை என்று இல்லை. நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு இப்படித் தனியாக அடைத்து விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் அக்கா. கலப்பு விஸ்கிக்காக ஆலைகள் விற்ற பீப்பாய்களில் ஒன்றிரண்டு கைமாறி இவர்களிடம் வந்து சேரும், எதையும் கலக்காமல் தங்கள் பேரில் அடைப்பார்கள், ஆலையின் பேரை மட்டும் வெளியே சொல்லக்கூடாதென்று ஒப்பந்தம்.

நான் ஒரு வாய் குடித்தேன். முதலில் சீவின ஆப்பிள், அப்புறம் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி, விழுங்கின பிறகு நிதானமாக இஞ்சி. லாக்லன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, எங்க ஆலைக் கலயத்துல எறங்கினது"ன்னார்.

"கண்ணைத் தொறந்து பேசுங்க சம்பந்தி. இது எங்க சரக்கு."

"உங்க சரக்கா? அதை நாங்க ஜன்னல் தொடைக்கல்ல வாங்குவோம்!"

"அதான் உங்க ஜன்னல் பளிச்சுனு இருக்கு. உங்களுதுல தொடைச்சா கண்ணாடியே கரைஞ்சிருமே!"

"ரெண்டு பேரும் மீன் சூப்பைக் குடிங்க, ஆறுது"ன்னு என் வீட்டுக்காரி எஃபி அதட்டினாள். யார் கேட்டது? லாக்லன் எழுந்து கோட்டை மாட்டிக்கிட்டார். "ருசியே தெரியாத வீட்டுல பொண்ணெடுத்தா பேரப்புள்ளைக்கு நாக்கு எப்படி வெளங்கும்?"னு கேட்டுட்டுப் போயே போய்ட்டார். ஷீனா அழவில்லை, ரோரியைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் எஃபி எனக்கு டீ வைக்கிற சத்தமே வேறயா இருந்துச்சு.

ஆனால் கோபத்தைவிட என்னைக் குடைந்தது, அது எங்கே பிறந்த சரக்கு என்பதுதான் அக்கா. தாங்க முடியாமல் அதை அடைத்தவர்களையே கேட்டுவிடலாமென்று எல்ஜினுக்குப் பஸ் ஏறினால், உள்ளே லாக்லன் உட்கார்ந்திருக்கிறார்! "ஆஸ்பத்திரிக்கு"ன்னார். "நானுந்தான்"னேன். ரெண்டு பேரும் ஒரே கிடங்கு வாசல்ல போய் நின்னோம்.

இஸபெல் என்ற பெண்தான் அங்கே முதலாளி. "பேரைச் சொன்னா அடுத்த பீப்பாய் எனக்குக் கெடைக்காதுங்க"ன்னாள்.

"நீ சொல்ல வேணாம்மா. நான் பேரைச் சொல்றேன், நீ இருமினாப் போதும்"னார் லாக்லன். அவள் இருமவே இல்லை.

"கண்ணையாவது சிமிட்டும்மா"ன்னேன் நான்.

"என் கண்ணுல தூசி விழலைங்க."

நாங்க நகர்ற மாதிரி தெரியாததால கடைசியில அவளே அலுத்துப்போய்ச் சொன்னாள்: "காய்ச்சினது ஒரு கரையில. அந்த வருசம் அங்க கிடங்குல எடம் இல்லாம எதிர்க்கரைக்கு அனுப்பிட்டாங்க. இத்தனை வருசமும் அது தூங்கினது அங்கதான். எந்தக் கரைலேர்ந்து எந்தக் கரைக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்திலே உட்கார்ந்தோம். காய்ச்சுறதுதான் முக்கியம்னார் அவர். மணமெல்லாம் கிடங்கு ஈரத்துலதான் வருதுன்னேன் நான். திடீர்னு, "ஆமா, அது எங்க ஆலையில தூங்கினதா இருந்தா?"ன்னு அவரே கேட்டுக்கிட்டுக் கிடங்குப் பக்கம் தாவிட்டார். அப்ப நான் காய்ச்சுற பக்கம் தாவ வேண்டியதாப் போச்சு. ஊர் வர்றதுக்குள்ள எத்தனை தடவை மாறினோம்னு எங்களுக்கே தெரியலை, லாக்லன் சிரிச்சு சிரிச்சுக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிக்கிட்டார். எறங்கும்போது, "சம்பந்தி, அந்தப் பீப்பாயில மிச்சம் இருக்கறத மொத்தமா கல்யாணத்துக்கு வாங்கிருவோம்"னார்.

ஆகவே கல்யாணம் நிச்சயம். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை, நம் தேவாலயத்திலேயே. தயங்காமல் டிக்கெட் எடுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, ஆடுகளுக்கும் என் விசாரிப்பு.

என்றும் தங்கள் அன்புத் தம்பி,
ரானல்ட் கெடிஸ்

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ஷீனாவும் ரோரியும் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நாங்கள் எல்ஜினுக்குப் போயிருந்த அன்றைக்கே பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டார்களாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது எஃபியும் சம்பந்தியம்மாவும்.