நடந்தால் கேக்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், எங்கள் கதவு கம்பெனியில் துக்க விசாரிப்பைச் சீர்படுத்தியதுதான்.

அதற்கு முன் அங்கே நிலவிய அராஜகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருவர் வீட்டில் சாவு என்றால் யாரோ அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். யாரோ டீ வாங்கித் தருவார்கள். இன்னொருவர் ஒன்றுமே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அதுவும் வேலை நேரத்தில். ஒரே துக்கத்துக்கு ஆளாளுக்கு ஒரு ‘சேவை’.

இதை ஒழிக்கத்தான் தலைமையகம் ஒரு நடைமுறை நிபுணரை அனுப்பியது. எதைக் கண்டாலும் சீராக்கிவிடுவதால் அவருக்கு ‘சீர் சார்’ என்று பெயர் வைத்தோம். நான் அவருடைய உதவியாளன்.

“பொறந்தநாளுக்கு என்ன பண்றீங்க?” என்று கேட்டார்.

“கேக் வெட்டிக் கைதட்டுவோம் சார்.”

“நல்ல நடைமுறை. எல்லாத்துக்கும் இதையே வெச்சுக்கலாம்.”

“சாவுக்குமா சார்?”

“அதுவும் ஒரு ‘வாழ்க்கை நிகழ்வு’தானே?”

ஞானிகள் காடுமேடெல்லாம் அலைந்து கண்டதை இவர் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே கண்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் ஸ்டோர்கீப்பரின் மனைவி இறந்துபோனார். அவர் வேலைக்குத் திரும்பிய காலையில், மீட்டிங் ஹாலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினோம். கேக்கின் மேல் மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை ஊதணுமா சார்?”

“ஆமா. நடைமுறை,” என்றார் சீர் சார் கனிவாக.

ஊதினார். அணையவில்லை. மறுபடியும் ஊதினார். கைதட்டினோம்.

அப்போதுதான் அந்த ‘விதிமீறல்’ நடந்தது. டெலிபோன் ஆபரேட்டர் அக்கா வரிசையை விட்டு வந்து ஸ்டோர்கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது எந்த விதிப்படி?” என்றார் சீர் சார்.

“எங்கப்பா செத்தப்போ இவரோட சம்சாரம்தான் சார் எனக்குச் சோறு ஊட்டிவிட்டாங்க. எந்த விதின்னு அப்போ கேக்கத் தோணலை.”

ஸ்டோர்கீப்பர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைக்கு நடைமுறையில் இடமில்லை. ஆகவே சீர் சார் இன்னும் பலமாகத் தட்டச் சொல்லிச் சைகை காட்டினார். தட்டினோம். அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

சாயங்காலமே அக்காவுக்கு வேலை போயிற்று. அதுவும் வாழ்க்கை நிகழ்வுதான், கேக் வெட்டினோம்.

நடந்ததைத் தலைமையகத்துக்குத் தெரிவிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. உள்ளது உள்ளபடி சொன்னேன்: அந்த ஹாலில் தவறாக நடந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.