இடது பின்கதவுப் பள்ளம்

"யார்டா இடிச்சது?"

பேக்கரிக்காரர் கையிலிருந்த ஈரத்துணியைத் தரையில் ஓங்கி அடித்தார். லீசுக்கு எடுத்து ஒரு வருடம் ஆகப்போகிற வேனை அன்றுதான் முதல்முறையாகத் தன் கையால் கழுவியிருந்தார். அழுக்குப் போன இடத்தில், இடது பின்கதவுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம்.

மூன்று மணிக்கு லீஸ் கம்பெனியிலிருந்து வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது. வண்டி ஒழுங்காக இருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு ரொட்டி போடுகிற வேலையும் கையைவிட்டுப் போகும்.

"நான் இடிக்கல மாமா," என்றான் மைத்துனன். ரொட்டியை வேனில் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான்.

"பின்ன, வேன் தானா போய் முட்டிக்கிச்சா?"

"காலங்காத்தால ஏங்க அவன் மேல பாயறீங்க?" என்றாள் மனைவி.

"தம்பியைச் சொன்னா போதுமே, வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துடுவியே!"

அரை மணி நேரம் கத்தினார். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். காது வலித்ததோ என்னவோ, மைத்துனன் இரண்டு கையையும் தூக்கிப் பெரிய கும்பிடாகப் போட்டான்.

"சரி மாமா, நான்தான் இடிச்சேன். ஆளை விடுங்க!"

"அப்படி வா வழிக்கு!"

பேக்கரிக்காரர் அதே சூட்டோடு இன்சூரன்சுக்குப் போன் போட்டார்.

"வண்டியை யார் ஓட்டினது சார்?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"என் மச்சினன். அவனே ஒத்துக்கிட்டான்."

"லீஸ் பத்திரத்துல அவர் பேர் இருக்கா?"

"இல்லையே. என் பேர் மட்டும்தான்."

"அப்போ இன்சூரன்ஸ் கிடைக்காது சார். பொறுப்பு முழுக்க உங்களுடையது. வேற ஆள்கிட்ட வண்டியைக் கொடுத்ததுக்கு லீசையே ரத்து பண்ணலாம்."

"ஐயோ, அவன் இல்லம்மா! நான்தான் ஓட்டினேன்!"

"சரி சார், ரெண்டையும் எழுதிக்கறேன்."

போனைச் சட்டைப்பையில் திணித்தார். இனி ஒரே வழிதான். ஆள் வருவதற்குள் பள்ளம் இருந்த சுவடே தெரியக்கூடாது. வேனை டிங்கர் பட்டறைக்கு விரட்டினார்.

டிங்கர் ஒரு மணி நேரத்தில் பள்ளத்தை எடுத்து, பெயின்டும் அடித்துவிட்டார். வேன் ஒரு வெள்ளை, அந்த இடம் மட்டும் இன்னொரு வெள்ளை. காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன் வந்தது. "என்னங்க, பத்திரத்தைப் படிச்சேன். கம்பெனி பட்டறையைத் தவிர வேற எங்கயும் வண்டில கை வைக்கக் கூடாதாம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க வாயை மூடினாத்தானே சொல்றதுக்கு!"

பேக்கரிக்காரர் டிங்கரிடம் திரும்பினார். "பள்ளத்தைத் திரும்பப் போடுங்க."

"என்னது?"

"இருந்த மாதிரியே போடுங்கய்யா!"

"எனக்குப் பள்ளம் எடுத்துத்தான் பழக்கம். போட்டுப் பழக்கமில்ல," என்று முனகிக்கொண்டே டிங்கர் சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். தகரம் அசையவில்லை. இன்னொன்று தட்டினார். அதுவும் வீண்.

"இப்படிக் கொடுங்க!"

சுத்தியலைப் பிடுங்கி, காலையிலிருந்து சேர்ந்த ஆத்திரத்தையெல்லாம் திரட்டி ஒரு போடு போட்டார். பள்ளம் விழுந்தது. கூடவே பின்விளக்கும் நொறுங்கி விழுந்தது. கதவு படாரென்று திறந்துகொண்டது. அதற்குப் பிறகு அது மூடவே இல்லை.

மூன்று மணிக்குக் கம்பெனி ஆள் வந்தபோது, மைத்துனன் அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். வந்தது கையில் கோப்போடு ஒரு சின்னப் பெண். அவள் வாயைத் திறப்பதற்குள் பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார்.

"பள்ளத்தைப் பத்திக் கேக்கத்தானே வந்திருக்கீங்க? வண்டின்னு இருந்தா நாலு இடத்துல படத்தான் செய்யும். அதுக்காக மனுஷனைத் தூக்குல போடுவீங்களா?"

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். உடைந்த விளக்கையும் கயிற்றையும் பார்த்தாள். பிறகு கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டி அவரிடம் நீட்டினாள்.

"அந்தப் பள்ளம் நாங்க வண்டி கொடுத்தப்பவே இருந்தது சார்; இதோ, படத்துல வட்டம் போட்டு, பக்கத்துல நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கீங்க."